கையெழுத்து செல்லும் தூரம்

அன்று வெள்ளிக்கிழமை, வளைகுடாவில் விடுமுறை நாள். இந்தியத் தூதரகத்தின் அவசர அழைப்புக் கைப்பேசிக்கு அந்த வாரம் என் முறை. காலை ஆறரை மணிக்கு அடித்தது. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"சார், எம்பஸிங்களா? எங்க வீட்டுக்காரரப் பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க சார். பதினோரு நாளாச்சு. அவரு ஓட்டுன வண்டியில ஒரு ஆளு அடிபட்டு எறந்து போச்சாம். அம்பாசடர் ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு கையெழுத்து சார்."

வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்து எனக்கு அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி கணக்கும் நிர்வாகமும்தான். நம் குடிமக்களுக்கு உதவும் கான்சுலர் பிரிவுக்கு வந்து நாலு மாதம். தெரிந்ததைச் சொன்னேன்: "அது எங்க கையில இல்லம்மா. அவங்க நாட்டுச் சட்டம், அவங்க கோர்ட்டு. நாங்க தலையிட முடியாது."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலைக் கூட்டத்தில் அழைப்புப் பதிவேட்டை வாசித்தபோது இதையும் வாசித்தேன். தூதர் கையை உயர்த்தி நிறுத்தினார். "நம்மால் முடியாததைச் சொல்லியிருக்கிறீர்கள். முடிவதைச் சொன்னீர்களா? அந்த அம்மாவின் கணவர் பெயர் என்ன?"

பதிவேட்டில் பெயர் இல்லை. நான் கேட்கவே இல்லை. எந்தச் சிறை, எந்தத் தேதி, பாஸ்போர்ட் எண் எதுவும் இல்லை. கூட்டம் முடிந்ததும் கைப்பேசியில் பதிவாகியிருந்த எண்ணைத் தேடிப்பிடித்து அந்தப் பெண்ணை மறுபடி அழைத்தேன். அன்றைக்குத்தான் இந்த வேலையை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும். தூதருக்கு என்ன அதிகாரம் உண்டு, எது இல்லை, இல்லாத இடத்தில் என்ன கடமை மிஞ்சுகிறது என்பதைப் பிற்பாடு வந்த பதினோரு ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. நான் பணிபுரிந்த ஊர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. இதில் வருகிறவர்களுக்குக் குடும்பங்கள் இருக்கின்றன.

*

தூதரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஒரு கடிதத்திலிருந்து. அந்தக் கடிதத்தை ஒருமுறை மிக அருகில் பார்த்திருக்கிறேன்.

புதிய தூதரை அனுப்புவதற்கு முன்பே, இவரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று அந்த நாட்டைக் கேட்டு இசைவு வாங்க வேண்டும். அலுவலகத்தில் இதை 'அக்ரேமா' என்போம். அவர்கள் மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகும், எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே 'இவர் எங்களுக்கு வேண்டாம்' என்று அவர்களால் அறிவிக்க முடியும். அப்படி அறிவித்தால் நம் அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த வீட்டுக்காரர்கள்.

இசைவு கிடைத்ததும் நம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரம் வரும். அது அந்த நாட்டு அரசருக்கோ அதிபருக்கோ எழுதப்பட்ட கடிதம். எங்கள் அரசின் பெயரால் இவர் சொல்வதை நம்புங்கள் என்று அது கேட்டுக்கொள்ளும். புதிய தூதர் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள், அதன் நகலை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் மரபுப் பிரிவுக்குக் கொண்டுபோனது நான்தான். தோல் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன். அங்கிருந்த அதிகாரி நகலை வாங்கி, தேதியோடு மணியையும் குறித்துக்கொண்டார். எதற்கு மணி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தூதர்களுக்குள் யார் முன், யார் பின் என்கிற வரிசை, நாட்டின் பெருமை சிறுமையை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் வைத்துத்தான். ஒரு சின்னத் தீவின் தூதர் ஒரு மணி நேரம் முந்தியிருந்தால், வல்லரசின் தூதர் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அரண்மனையில் மூலக் கடிதம் ஒப்படைக்கப்பட்டது. அதனுடன் முந்தைய தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் கடிதமும். ஒருவருக்கான நம்பிக்கை முடிகிற இடத்தில் இன்னொருவருடையது தொடங்குகிறது. அன்று மாலை காரில் கொடி பறந்தது. ஊழியர்கள் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினோம். தூதர் எங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: "இன்றிலிருந்து நான் சொல்வது என் வார்த்தை இல்லை. அதனால் நீங்கள் எனக்கு எழுதித் தருவது ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும்."

*

தூதரகம் இருக்கும் இடம் இந்திய மண் என்று நம் மக்கள் பரவலாக நம்புகிறார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த மண் அந்த நாட்டின் மண்தான். ஆனால் தூதரின் சம்மதம் இல்லாமல் அந்நாட்டுக் காவலர் ஒருவரும் மதிலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அதோடு, மதிலுக்கு வெளியிலிருந்து யாரும் தாக்காமல் காக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கூட்டம் கைப்பற்றியது. 52 பேர் 444 நாள் அடைபட்டிருந்தார்கள். அந்தக் கடமையில் ஈரான் தவறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது.

இந்த மதில் என்னவென்று நான் புரிந்துகொண்டது ஓர் இரவில். பதினோரு மணிக்குக் காவலாளி அழைத்தார். வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மறுக்கிறார் என்றார். போய்ப் பார்த்தேன். விழுப்புரம் பக்கத்து ஆள். வீட்டு வேலை என்று விசா கொடுத்து, பாலைவனத்தில் ஆட்டுப் பண்ணையில் விட்டிருக்கிறார்கள். பதினாலு மாதத்தில் நாலு மாதச் சம்பளம்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு இரவு நடந்து வந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. சாக்குத் துணியைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் தீவனக் கட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார். கயிறு சதையில் பதிந்திருந்தது. உள்ளே அழைத்துப் போய் வெந்நீரில் நனைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

அரை மணியில் அர்பாபின் ஆட்கள் வந்தார்கள். வளைகுடாத் தமிழர் முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். பின்னாலேயே காவல்துறை வண்டி. ஆள் ஓடிப்போய்விட்டார் என்று புகார் பதிவாகியிருக்கிறது, ஒப்படையுங்கள் என்றார் அதிகாரி. நான் தூதருக்குச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து வந்து, வாசலுக்கு வெளியே வந்து நின்று, அந்த அதிகாரியிடம் பேசினார். குரல் உயரவில்லை. உள்ளே வர அனுமதி கேட்டால் மறுப்பேன், மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்றார். அதே மூச்சில், காலையில் எட்டு மணிக்கு எங்கள் அதிகாரியே இவரைத் தொழிலாளர் துறைக்கு அழைத்து வருவார், அதை எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார். காவல் அதிகாரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்ததும் எங்களில் இளையவர் ஒருவர், "சார், அவரை இங்கேயே வைத்திருந்து ஒருநாள் ராத்திரி விமானம் ஏற்றிவிட்டால் என்ன?" என்று கேட்டார். தூதர் அவரை உட்காரச் சொன்னார். தூதரகத்தைத் தூதரக வேலைக்குப் பொருந்தாத எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும் என்று அதே 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. "இன்று இவரை ஒளித்து அனுப்பினால், நாளை வாசலுக்கு வருகிற நூறு பேருக்காக நான் பேசும்போது இந்த நாடு என்னை நம்பாது" என்றார்.

மறுநாள் காலை நானே அவரைக் கூட்டிப்போனேன். அங்கேதான் ஒரு சின்னச் சட்டப் பிரிவின் பலத்தைக் கண்டேன். அவருடைய பாஸ்போர்ட் அர்பாபிடம் இருந்தது. நம் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. சம்பளப் பாக்கியைப் பற்றி நாங்கள் முறையீடுதான் செய்ய முடியும். ஆனால் பாஸ்போர்ட் விஷயத்தில், எங்கள் அரசின் சொத்து உங்கள் குடிமகனிடம் இருக்கிறது, திருப்பி வாங்கித் தாருங்கள் என்று கேட்க முடியும். தொழிலாளர் துறை அதிகாரி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, தொலைபேசியை எடுத்தார். ஒரு வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. சம்பளப் பாக்கியில் பாதிதான் வந்தது. இருபத்துமூன்று நாள் எங்கள் காப்பகத்தில் இருந்துவிட்டு அவர் ஊருக்குப் போனார். மீதிப் பாதியை வாங்கித் தர முடியாமல் போனது இன்றும் என் மனதில் கிடக்கிறது.

பாஸ்போர்ட் கிடைக்காதவர்களுக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுப்போம். 'அவுட்பாஸ்' என்றால்தான் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்தியாவுக்குத் திரும்ப ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தாள் அது. தந்தாலும், வெளியே போகும் அனுமதியை அந்த நாடுதான் கொடுக்க வேண்டும். நிரப்பாத அவுட்பாஸ் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. தினமும் மாலை அவற்றை எண்ணி, பதிவேட்டில் எழுதி, இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு தாள் குறைந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தூதர்.

*

பரமக்குடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

மனைவியிடம் விவரங்களை வாங்கிய அன்றே அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதம் போனது. தூதரகம் ஒரு நாட்டின் காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ நேராக உத்தரவு போட முடியாது. சிறைக் கண்காணிப்பாளருக்குக்கூட முடியாது. அலுவல் எல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகவோ, அவர்களோடு பேசி ஒப்புக்கொண்ட துறை வழியாகவோதான். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வலுவான சட்டம் இருந்தது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா கான்சுலர் உறவு ஒப்பந்தம், 36-ஆம் பிரிவு. கைதான வெளிநாட்டவர் கேட்டால், அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் அவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். கான்சுலர் அதிகாரி அவரைச் சிறையில் பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இந்த உரிமை உரிய நேரத்தில் சொல்லப்படாமலே ஜெர்மானியச் சகோதரர்கள் இருவருக்கு அமெரிக்காவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம், இது நாட்டுக்கு மட்டுமல்ல, தனிமனிதனுக்கும் உள்ள உரிமை என்று 2001-இல் தீர்ப்புச் சொன்னது. பாகிஸ்தான் சிறைவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், அந்நாடு இந்தப் பிரிவை மீறியது என்று 2019 ஜூலையில் அதே நீதிமன்றம் கூறியதும் இதை வைத்துத்தான். தீர்ப்பு வந்த அன்று நாங்கள் அலுவலகத்தில் தொலைக்காட்சி முன் நின்றிருந்தோம். 36 என்ற எண்ணைக் கேட்டபோது எனக்கு நினைவில் வந்தது, எட்டாண்டுகளுக்கு முந்தைய ஒரு கண்ணாடித் தடுப்பு.

அனுமதி கிடைத்து நான் சிறைக்குப் போனது, அவர் கைதான பத்தொன்பதாம் நாள். நடுவில் தடித்த கண்ணாடி, இரு பக்கமும் தொலைபேசி. நாற்பது வயது இருக்கும். ரிசீவரை எடுத்ததும் "சார், தமிழா?" என்று கேட்டவர், பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

அவரிடம் நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் உதவி உங்களுக்கு வேண்டுமா?" என்பது. கைதி வெளிப்படையாக வேண்டாம் என்று சொன்னால், தூதரகம் அவர் சார்பில் எதுவும் செய்யாமல் விலகிக்கொள்ள வேண்டும். அதுவும் 36-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வேண்டாம்னா சார் நான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

பெயர், தகப்பனார் பெயர், ஊர், பாஸ்போர்ட் எண், பத்தாக்கா (அந்நாட்டு அடையாள அட்டை) எண் என்று வரிசையாகக் கேட்டேன். அடித்தார்களா? சாப்பாடு? மருந்து? வாக்குமூலம் வாங்கியபோது மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? இல்லை. அரபியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. இறந்தவரின் குடும்பத்துக்குத் திய்யா, அதாவது உயிரிழப்பீடு கொடுக்க வேண்டும், வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, நீதான் கட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். ஊரில் மனைவி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடியப் போகிறது என்று காவலர் கையைக் காட்டினார். கடைசியாக ஒன்று கேட்டேன். வண்டியைப் பற்றி வேறு ஏதாவது தெரியுமா?

"புது வண்டி மாதிரித்தான் சார் இருக்கும். ஆக்சிடென்ட்டுக்கு முந்தின மாசம்தான் நானே முல்கியா புதுப்பிக்கக் கொண்டுபோனேன்."

முல்கியா என்றால் வண்டிப் பதிவு அட்டை. அங்கே நாலு மாதம் வாழ்ந்தவனுக்கும் தெரியும்: செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இல்லாமல் முல்கியா புதுப்பிக்க மாட்டார்கள். முந்தின மாதம் புதுப்பித்திருந்தால் இன்சூரன்ஸ் இருந்தே தீர வேண்டும்.

அவருக்கு இது தோன்றவில்லை. பயம் அப்படி. நான் வக்காலத்துப் படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகத் தள்ளினேன். தமிழில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன். 1948-ஆம் ஆண்டின் உறுதிமொழி மற்றும் கட்டணச் சட்டப்படி, வெளிநாட்டில் உள்ள நம் தூதரக, கான்சுலர் அதிகாரிகள் நோட்டரி செய்கிற வேலையைச் செய்யலாம். அவருடைய கையெழுத்துக்குக் கீழே, என் முன்னால் போடப்பட்டது என்று எழுதி நான் கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன்.

அரசுப் பணத்திலிருந்து திய்யா கட்ட முடியாது. அதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதி எங்களிடம் இருந்தது. கான்சுலர் சேவைகளுக்கு மக்கள் கட்டும் சிறு கூடுதல் கட்டணத்தில் சேரும் நிதி. துயரத்தில் இருப்பவர்களுக்குத் தங்குமிடம், விமானச் சீட்டு, சட்ட உதவி, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். வழக்கறிஞருக்கான செலவைத் தூதர் அன்றே அனுமதித்தார். "வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீங்க" என்று பரமக்குடிக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்த வேலையில் எனக்கு வாய்த்த நல்ல வாக்கியங்களில் அது ஒன்று.

*

சாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது.

வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் மருத்துவமனை அறிக்கை, காவல்துறை அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்று வர வேண்டும். ஊரிலிருந்து வாரிசு ஒப்புதல் தர வேண்டும்: உடலை அனுப்பவா, இங்கேயே அடக்கம் செய்யவா, யார் பெறுவார்கள். தூதரகம் இறப்பைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்ற சான்று கொடுக்கும். பிறகு உடலைப் பதப்படுத்திய சான்று, பெட்டிக்கான சான்று, சரக்கு விமானத்தில் இடம். ஒரு தாள் குறைந்தாலும் உடல் பிணவறையில் இன்னும் ஒரு நாள் கிடக்கும். அந்த ஒரு நாள் என்ன என்பது, வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மரணப் பதிவேட்டில் பெயரை எப்போதும் நானே கையால் எழுதுவேன். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பிறப்பையும் இறப்பையும் நம் தூதரகத்தில் பதிவுசெய்ய 1956-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அந்தப் பதிவு இந்தியாவில் செல்லும். நிலத்துக்கு, வங்கிக் கணக்குக்கு, காப்பீட்டுக்கு, பிள்ளையின் படிப்புக்கு எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் குடும்பம் கொண்டுபோகும். ஒரு எழுத்து தவறினால் தாசில்தார் அலுவலகத்துக்கு ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டும் கத்தரிக்கோல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. வெட்டுவதற்கு முன் ஒருமுறை படத்தைப் பார்ப்பேன். வெட்டிய பாஸ்போர்ட்டை உடலோடு குடும்பத்துக்கு அனுப்பிவிடுவோம்.

ஒருமுறை ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பெண்கள் மனைவி என்று ஒப்புதல் கடிதம் அனுப்பினார்கள். உடல் யாருக்கு? இருவரும் அழுதார்கள், இருவரிடமும் திருமணப் படம் இருந்தது. தூதர் நீதிபதி இல்லை. வாரிசு யார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் இரண்டு பெண்களுக்கும் தினமும் மாலை ஐந்து மணிக்கு நானே பேசினேன். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஐந்து மணிக்கு என் அழைப்பு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே மேசையில் கல்யாணமும் நடத்திவைத்திருக்கிறேன். 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி, நியமிக்கப்பட்ட தூதரக அதிகாரி திருமண அலுவலர் ஆவார். இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். முப்பது நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். அந்த நாட்டுச் சட்டம் அத்தகைய திருமணத்தைத் தடுத்தால், காரணத்தை எழுதிவைத்து மறுக்கவும் அலுவலருக்கு உரிமை உண்டு. மருத்துவமனையில் நர்ஸாக இருந்த நாகர்கோவில் பெண்ணுக்கும், அங்கேயே பொறியாளராக இருந்த மதுரைப் பையனுக்கும் கூட்ட அறையில் பதிவு நடந்தது. கேன்டீன் தம்பி கேசரி கிண்டிக்கொண்டு வந்தான்.

*

இதற்கெல்லாம் பின்னால், வேறொரு கண்டத்தில், ஐந்தே பேர் வேலைபார்த்த ஒரு சின்னத் தூதரகத்தில் இருந்தேன். தூதர் மாற்றலாகிப் போய், புதியவர் வருவதற்கு முன் பத்தொன்பது நாள் நான் பொறுப்புத் தூதர். அந்தப் பத்தொன்பது நாளில் இரண்டு விஷயங்கள் வந்தன.

ஒன்று, நம் ஊர்த் தொழிலதிபர் ஒருவர். அங்கே அவருக்கு வரிச் சிக்கல். "நீங்க அந்த மினிஸ்டரை ஒரு விருந்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாப் போதும், அண்ணே" என்றார். சட்டப்படி மேல்முறையீடு செய்யுங்கள், அதில் பாரபட்சம் நடந்தால் அதை எழுதிக் கேட்பது என் கடமை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதிருப்பது என்பது எங்கோ தேர்தல் மேடையில் நடக்கும் விஷயம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சாப்பாட்டு அழைப்பிதழிலும் இருக்கிறது.

இரண்டாவது, எங்கள் ஊழியர் ஒருவர் விடுமுறை நாளில் ஓட்டிய கார், சைக்கிளில் வந்த ஒரு சிறுவனை இடித்தது. கால் எலும்பு முறிவு. காவலர் வந்து தூதரக எண் பலகையைப் பார்த்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். அந்த மூடிய புத்தகம் என்னைத் தூங்கவிடவில்லை. தூதரகப் பாதுகாப்பு தனிமனிதரின் நன்மைக்காகத் தரப்படவில்லை, நாட்டின் பிரதிநிதியாக வேலை தடையின்றி நடக்கவே தரப்படுகிறது என்று 1961 வியன்னா ஒப்பந்தத்தின் முகவுரை சொல்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் அந்த நபருக்கு இல்லை, அரசுக்குத்தான். அன்றிரவே நடந்ததை நடந்தபடி டெல்லிக்கு எழுதினேன். மறுநாள் ஊழியரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். காப்பீடு வழியாக இழப்பீடு முழுதும் கிடைத்தது. சிறுவனின் அப்பா கடைசியில் கை கொடுத்தார். அன்று என்னிடம் இருந்த அதிகாரத்தை நான் பயன்படுத்தாமல் இருந்ததுதான் சரி என்று இன்றும் நம்புகிறேன்.

*

மறுபடி வளைகுடாவுக்கு வருகிறேன். பரமக்குடிக்காரரின் வழக்கறிஞர் போக்குவரத்துத் துறைப் பதிவுகளைக் கேட்டு மனு போட்டார். விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ் செல்லுபடியாக இருந்தது. முந்தைய மாதம்தான் புதுப்பித்திருந்தார்கள். நீதிமன்றம் விதித்த திய்யாவைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியது. அவருக்கு விதித்த மூன்று மாதத் தண்டனையைப் போல இரண்டு மடங்கு நாள் அவர் ஏற்கெனவே உள்ளே இருந்திருந்தார். ஏழாம் மாத இறுதியில் விடுதலையானார்.

ஊருக்குப் போவதற்கு முதல்நாள் தூதரகத்துக்கு வந்தார். பெரிய பை நிறையப் பேரீச்சம்பழம். எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லி, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது தயங்கி நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? என்னைய விடச் சொல்லி அம்பாசடர் ஐயா போட்ட கையெழுத்தை ஒருதடவை பாக்கலாமா? ஊர்ல கேப்பாங்க."

கோப்பை எடுத்து அவர் முன்னால் பிரித்தேன். வெளியுறவு அமைச்சகத்துக்குப் போன கடிதம் மேலே இருந்தது. அலுவலகத்தில் அதை 'நோட் வெர்பால்' என்போம். நான், நீங்கள் என்ற சொல்லே அதில் வராது. தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவிக்கிறது என்று தொடங்கி, உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்கிறது என்று முடியும். நடுவில் ஒரு வேண்டுகோள். விடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பார்க்க அனுமதி கேட்டிருந்தது, அவ்வளவுதான். அடியில் முழுக் கையெழுத்து இருக்காது. முத்திரையும் சுருக்கெழுத்தும் மட்டும். மரபு அப்படி.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று புரட்டினார். வக்காலத்துப் படிவத்தில் வந்து நின்றார். அங்கே தமிழில் கொஞ்சம் நடுங்கிய எழுத்தில் அவர் பெயர். அதற்குக் கீழே சாட்சியாக என்னுடையது.

"இது நான் போட்டதுல்ல சார்" என்றார்.

"ஆமா" என்றேன்.

விரலால் அந்த எழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கோப்பை மூடி, என் பக்கம் தள்ளினார்.